நீதிபதிகளைப் படித்தவர்

சட்ட அறிக்கைத் தொகுதி ஒன்றைப் பிரித்தால் ஒவ்வொரு தீர்ப்பின் தலையிலும் ஒரே ஒழுங்கு தெரியும். வழக்காடியவர்களின் பெயர், தீர்ப்பு சொன்ன நாள், அமர்வில் இருந்தவர்களின் பெயர்கள், அவற்றுக்குக் கீழே சட்டப் பிரிவுகளும் சுருக்கக் குறிப்பும். 1950 மே 19 அன்று வந்த ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை அரசு தீர்ப்பில் ஆறு பெயர்கள் இருக்கின்றன: கனியா, ஃபஸல் அலி, பதஞ்சலி சாஸ்திரி, மகாஜன், முகர்ஜி, தாஸ். தடுப்புக்காவல் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்றது பெரும்பான்மை. ஃபஸல் அலி அதை ஏற்காமல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். இந்த ஆறு பேரும் எங்கே பிறந்தார்கள், தகப்பனார் என்ன தொழில் செய்தார், எந்தக் கல்லூரியில் படித்தார்கள், அந்த நாற்காலிக்கு அவர்களைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதெல்லாம் அறிக்கையில் கிடையாது. வழக்கறிஞருக்கு அது தேவையும் இல்லை. அவருக்கு வேண்டியது நாளைய வழக்கில் மேற்கோள் காட்டக்கூடிய ஒரு சட்டக் கூற்று. 1891இல் ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ தொடங்கிய காலத்திலிருந்தே நம் சட்டப் புலமை இந்தத் தேவையை ஒட்டித்தான் வளர்ந்தது. அரசியல் சாசனம் வந்த பிறகு துர்கா தாஸ் பாசு, எம்.பி. ஜெயின், சீர்வை ஆகியோர் எழுதிய பெரும் உரைநூல்களும் தீர்ப்பின் சொற்களை எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, முரண்களைச் சுட்டிக்காட்டியவையே. அவை இல்லாமல் நம் நீதிமன்றங்கள் ஒரு நாளும் நடந்திருக்காது. ஆனாலும் நீதிமன்றம் என்பது மனிதர்கள் நடத்தும் ஓர் அமைப்பு என்ற பார்வைக்கு அந்த நூல்களில் இடம் இருக்கவில்லை.

அந்த இடத்தை நிரப்ப முயன்றவர்களில் ஒருவர் ஜார்ஜ் கேட்புவா. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, கென்டக்கி பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்தவர். 1937இல் தொடங்கி 1950 வரை இருந்த கூட்டாட்சி நீதிமன்றம் எப்படி உருவானது என்பதைப் பற்றி 1963இல் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியாவுக்கென ஓர் உச்ச நீதிமன்றம் வேண்டும் என்று 1921இலேயே மத்திய சட்டசபையில் ஹரி சிங் கவுர் தீர்மானம் கொண்டுவந்ததிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. 1960களின் முடிவில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சமூகப் பின்னணியைப் பற்றியும் அவர்கள் எந்த வகை வழக்கில் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைப் பற்றியும் அவருடைய கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. 1980களில் இந்தியா வந்து, பணியில் இருந்தவர்களும் ஓய்வுபெற்றவர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்ட உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நேரில் சந்தித்துப் பேசினார். அந்த உழைப்பு நூலாக வெளிவந்தது 2011இல்தான். 1950 முதல் 1989 வரை நியமிக்கப்பட்ட முதல் 93 நீதிபதிகள் ஒவ்வொருவரின் குடும்பம், படிப்பு, தொழில், நியமனம் நடந்த விதம், ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கை எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. 2017இல் அவர் காலமானார். ஒரு நாட்டின் ஒரே ஒரு நீதிமன்றத்துக்கு ஒருவர் தம் கல்வி வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கொடுத்திருக்கிறார். இது தகுமா, இதனால் என்ன பயன் என்ற கேள்விகள் அன்றும் எழுந்தன, இன்றும் எழுகின்றன. நீதிபதிகளை மனிதர்களாக ஆராய்வது நீதிமன்றத்தின் சுதந்திரத்தைக் குலைக்காது, அதைக் காக்கும் வழிகளில் அதுவும் ஒன்று என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். அந்த வாதத்துக்கு எதிராக வலுவான தடைகள் இருக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டு மேலே போக முடியாது.

நீதிபதிகளின் வாழ்க்கையைப் பேசும் வழக்கம் நம்மிடம் முன்பே இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான சர் டி. முத்துசாமி ஐயர் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார், தெருவிளக்கில் படித்தார் என்ற கதை பல தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. நீதிமன்றக் கட்டடத்துக்குள் அவருக்குச் சிலையும் உண்டு. அந்த வகை வரலாறு ஒரு மனிதரின் முயற்சியைப் போற்றுகிறது. அவரைப் போல அந்த நாற்காலிக்கு வர முடிந்தவர்கள் யார், வர முடியாமல் போனவர்கள் யார் என்ற கேள்வியை அது எழுப்பாது. தொண்ணூற்று மூன்று வாழ்க்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் அந்தக் கேள்விக்கு உருவம் வந்தது. பெரும்பாலோர் வசதியான, படித்த, மேல்சாதிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். வழக்கறிஞர் வீட்டிலோ அரசு உத்தியோக வீட்டிலோ பிறந்தவர்கள் நிறைய. கிட்டத்தட்ட எல்லாரும் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்துவிட்டு வந்தவர்கள். வழக்கறிஞர் தொழிலிலிருந்து நேராக உச்ச நீதிமன்றத்துக்கு வந்த முதல் நீதிபதி சிக்ரி, அதுவும் 1964இல். பட்டியல் சாதியில் பிறந்த ஒருவர் அங்கே நீதிபதியாக 1980 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் ஜோலார்பேட்டையில் பிறந்த அ. வரதராசன். அந்த நீதிமன்றத்தில் முதல் பெண், ஃபாத்திமா பீவி, 1989 அக்டோபரில் வந்தார். தீண்டாமையை ஒழித்த சாசனம் நடைமுறைக்கு வந்த 1950க்கும் வரதராசன் பதவியேற்ற நாளுக்கும் இடையில் முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஒரு தீர்ப்பை மட்டும் படிப்பவருக்கு இந்த முப்பது ஆண்டு கண்ணில் படாது. எந்தத் தீர்ப்பிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பேராசிரியர் வரவேண்டியிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பிரித்தது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராசன் வழக்கில் 1951 ஏப்ரலில் ஏழு நீதிபதிகள் அமர்வு அந்த ஆணையைச் செல்லாது என்றது. அதைத் தொடர்ந்து பெரியாரும் திராவிட இயக்கமும் நடத்திய கிளர்ச்சியில், தீர்ப்பு சொல்பவர்கள் யார் என்ற கேள்வி தெருவிலேயே எழுந்தது. அதே ஆண்டு ஜூனில் சாசனத்தின் முதல் திருத்தம் வந்து 15ஆம் பிரிவில் 4ஆம் உட்பிரிவு சேர்ந்தது. ஆக, மேடையில் பேசப்பட்டது ஒன்று. ஆராய்ச்சி சேர்த்தது வேறொன்று. மேடையில் இருந்தது ஒரு சந்தேகம். அதை எண்ணிக்கையாலும் ஆவணத்தாலும் சோதித்துப் பார்க்கும் வழியை ஆராய்ச்சி கொடுத்தது. சோதித்தால் சந்தேகத்தின் ஒரு பகுதி நிற்கும், ஒரு பகுதி விழும்.

விழும் பகுதியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இந்த ஆய்வுக்கு எதிரான அறிவார்ந்த தடை அதில்தான் இருக்கிறது. ஒருவரின் பிறப்பும் படிப்பும் அவர் எழுதும் தீர்ப்பை முடிவு செய்துவிடுமா? செண்பகம் துரைராசன் அமர்வையே பாருங்கள். அந்த ஏழு பேரும் ஒரே ஊர்க்காரர்கள் அல்லர், ஒரே மதத்தவரும் அல்லர். ஓராண்டுக்கு முன் கோபாலன் வழக்கில் தனித்து நின்ற ஃபஸல் அலியும் அதில் இருந்தார். ஆனாலும் தீர்ப்பு ஒருமனதாக வந்தது. சாசனத்தின் 29ஆம் பிரிவில் இருந்த சொற்கள் அவர்களைக் கட்டின. அன்றைய நிலையில், இடஒதுக்கீட்டை அனுமதிக்கும் விதி அரசு வேலைக்கு இருந்தது, கல்லூரிச் சேர்க்கைக்கு இல்லை. பின்னணியை வைத்து மட்டும் இந்தத் தீர்ப்பை விளக்க முயன்றால் விளக்கம் பொய்த்துப் போகும். 1950களின் உச்ச நீதிமன்றத்தில் மிகப் பெரும்பாலான தீர்ப்புகள் ஒருமனதாகவே வந்தன; எனவே நீதிபதிகளை அணி அணியாகப் பிரித்துக் காட்டும் அமெரிக்கப் பாணிக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. கேட்புவாவின் ஆரம்பக் கட்டுரைகளில் அந்தக் கணக்கின் மீது இருந்த நம்பிக்கை கொஞ்சம் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பிற்காலத்தில் அவர் வாக்குகளை எண்ணுவதிலிருந்து விலகி, நியமனம் எப்படி நடந்தது என்பதில் கவனத்தைக் குவித்தது சரியான திருப்பம். ஒரு வழக்கின் முடிவைப் பிறப்பு தீர்மானிக்காமல் இருக்கலாம். ஆனால் எந்த வழக்குகள் முக்கியமானவை, எந்த வலி சட்டத்தின் கவனத்துக்கு உரியது, எந்தக் கட்டுப்பாடு ‘நியாயமானது’ என்று நீண்ட காலப்போக்கில் ஒரு நீதிமன்றம் உணர்வதில் அங்கே அமர்ந்திருப்பவர்களின் வாழ்க்கை அனுபவத்துக்குப் பங்கு உண்டு.

இதை வெளியிலிருந்து வந்தவர்களின் குற்றச்சாட்டு என்று தள்ளிவிட முடியாது. உச்ச நீதிமன்றத்தின் இரண்டாம் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரியே இதைத் தம் தீர்ப்பில் ஒப்புக்கொண்டிருக்கிறார். சென்னை வழக்கறிஞர் வி.ஜி. ராவ் பொதுச் செயலாளராக இருந்த மக்கள் கல்விக் கழகத்தைச் சென்னை அரசு சட்டவிரோத அமைப்பு என்று அறிவித்தது. அந்த வழக்கு 1952 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் முடிவானபோது, ஓர் உரிமையின் மீது அரசு போடும் கட்டுப்பாடு நியாயமானதா என்று அளக்கும் வேலையில் நீதிபதியின் சமூகப் பார்வையும் அவர் மதிக்கும் விழுமியங்களும் பெரும்பங்கு வகிப்பதைத் தவிர்க்க முடியாது என்று அவர் எழுதினார். அதோடு நிறுத்தவில்லை. சாசனம் எல்லாருக்கும் உரியது, தன்னைப் போல நினைப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்ற உணர்வும் அடக்கமும் நீதிபதிக்கு இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார். நீதிபதிக்கு ஒரு சமூகப் பார்வை உண்டு என்று தலைமை நீதிபதியே சொன்ன பிறகு, அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று ஓர் ஆராய்ச்சியாளர் கேட்பது எப்படி வரம்பு மீறலாகும்?

ஆனால் அந்தக் காலத்தில் அப்படிக் கேட்பது ஆபத்தாகவும் இருந்தது. 1967 நவம்பரில் கேரள முதலமைச்சராக இருந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட், நீதிபதிகள் வர்க்கச் சார்போடு தீர்ப்பு சொல்கிறார்கள் என்று பத்திரிகையாளர்களிடம் பேசினார். கேரள உயர் நீதிமன்றம் அதை நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்மானித்து ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. 1970இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்து, அபராதத்தை ஐம்பது ரூபாயாகக் குறைத்தது. மார்க்ஸ் என்ன சொன்னார் என்பதையும் நீதிபதிகள் அந்தத் தீர்ப்பில் விரிவாகவே ஆராய்ந்தார்கள். நீதிபதிகளின் வர்க்கப் பின்னணி பற்றிய கேட்புவாவின் கட்டுரைகள் ஆய்விதழ்களில் அச்சானதும் இதே ஆண்டுகளில்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியாகாது: நம்பூதிரிபாட் நீதிபதிகளின் மனத்தில் இருப்பதைக் குற்றமாகச் சாட்டினார், கேட்புவா அவர்களின் வாழ்க்கைத் தகவல்களை அடுக்கினார். எனினும் கேட்கப்பட்ட கேள்வியில் உறவு இருந்தது. 1988இல் மத்திய அமைச்சர் சிவசங்கர் உச்ச நீதிமன்றம் மேட்டுக்குடியினரால் நிரம்பியது என்ற பொருளில் பேசியது அவமதிப்பு ஆகாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. பதினெட்டு ஆண்டுகளில் வந்த இந்த மாற்றத்துக்குக் காரணங்கள் பல. நீதிபதிகளின் பின்னணியைப் பற்றித் தரவுகளோடு நிதானமாக எழுதும் ஒரு மரபு அதற்குள் உருவாகிவிட்டிருந்ததும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்த மரபைக் கேட்புவா தனியாக உருவாக்கவில்லை. ராஜீவ் தவான், உபேந்திர பக்ஷி போன்ற இந்திய அறிஞர்கள் 1970களின் பின்பாதியிலிருந்து உச்ச நீதிமன்றத்தை ஓர் அரசியல் அமைப்பாகவே பார்த்து நூல்கள் எழுதினார்கள். மதுரா என்ற பெண்ணின் மீதான பாலியல் வன்முறை வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை எதிர்த்து 1979இல் பக்ஷி, லோத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் ஆகிய நால்வரும் தலைமை நீதிபதிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பாலியல் வன்முறைச் சட்டம் 1983இல் திருத்தப்பட்டதற்குப் பின்னால் அந்தக் கடிதத்துக்கு இடம் உண்டு.

எல்லாவற்றிலும் கனமான தடை ஒன்று மீதமிருக்கிறது. நீதிபதியின் சமூகப் பார்வை முக்கியம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லிக்கொண்டே போனால், அந்த வாதத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளாதா? எடுத்துக்கொண்டது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகளில் ஏழு பேர், சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் திருத்த முடியாது என்றார்கள். இரண்டே நாளில், பணிமூப்பில் முன்னால் இருந்த ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாகப் பதவியேற்றார். தாண்டப்பட்ட மூவரும் அரசுக்கு எதிரான பெரும்பான்மையில் இருந்தவர்கள், ரே சிறுபான்மையில் இருந்தவர். மூவரும் பதவி விலகினார்கள். மக்களவையில் இந்த நியமனத்தை ஆதரித்து வாதாடியவர் மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம். முன்பு தமிழ்நாட்டின் தலைமை அரசு வழக்கறிஞராக இருந்தவர், சட்டம் நன்றாகத் தெரிந்தவர். ஒரு நீதிபதியின் தத்துவப் பார்வை என்ன என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை அரசுக்கு உண்டு என்பதே அவர் வாதத்தின் சாரம். பதஞ்சலி சாஸ்திரி 1952இல் சொன்ன உண்மையை எடுத்து, அவர் சேர்த்த எச்சரிக்கையை விட்டுவிட்ட வாதம் அது. நெருக்கடி நிலையின்போது 1976இல் பதினாறு உயர் நீதிமன்ற நீதிபதிகள் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். அப்போது காவலில் வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியாது என்ற ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பில் தனித்து மறுத்த எச்.ஆர். கன்னாவைத் தாண்டி 1977இல் பேக் தலைமை நீதிபதி ஆனார்.

இந்த நிகழ்வுகளை வைத்து, நீதிபதிகளின் வாழ்க்கையைத் துருவாமல் விட்டிருக்கலாமே என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குமாரமங்கலத்துக்கும் அன்றைய அரசுக்கும் எந்த நீதிபதி எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளக் கல்விக் கட்டுரை எதுவும் தேவைப்படவில்லை. அரசிடம் கோப்புகள் இருந்தன, உளவுத்துறை இருந்தது, முதலமைச்சர்களின் காதோடு காதான பரிந்துரைகள் இருந்தன. நியமனத்தில் மறைமுகமான சாதி, வட்டாரச் செல்வாக்குகள் புகுந்துவிட்டன என்று சீதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் தன் பதினான்காம் அறிக்கையில் 1958இலேயே கவலைப்பட்டிருந்தது. ஆட்சியாளர்களுக்குத் தெரிந்தது குடிமக்களுக்குத் தெரியவில்லை என்பதே அன்றைய நிலை. கேட்புவா 1980களில் செய்த நேர்காணல்கள் இந்த இடைவெளியைத்தான் குறைத்தன. யாரைத் தலைமை நீதிபதி பரிந்துரைத்தார், யாருடைய பெயர் அமைச்சரகத்தில் நின்றுபோனது, 1970களின் தொடக்கத்துக்குப் பிறகு அமைச்சர்களின் கை எப்படி நீண்டது, அதற்கு முன் தலைமை நீதிபதியின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதெல்லாம் சம்பந்தப்பட்டவர்களின் வாயாலேயே பதிவாயின. பணிமூப்பு என்பது எழுதாத வழக்கம். அப்படி ஒரு வழக்கம் இருந்தது, அது இந்த ஆண்டில் இப்படி மீறப்பட்டது என்று சொல்லக்கூடிய ஆவணம் இருந்தால்தான் மீறலை மீறல் என்று அடையாளம் காண முடியும். 1993இல் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை உச்ச நீதிமன்றம் மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியத்துக்கு எடுத்துக்கொண்டதும், அதை மாற்ற வந்த நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டத்தை 2015இல் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்து செய்ததும் 1970களின் நினைவைச் சுமந்தே நடந்தன.

முதியவர்களின் நினைவை நம்பலாமா, அவர்களில் சிலருக்குத் தாண்டப்பட்ட மனக்குறை இருந்திருக்காதா என்ற ஐயமும் உண்டு. இருந்திருக்கும். ஒரே நியமனத்தைப் பற்றிப் பலரிடம் கேட்டு ஒப்பிடும் வாய்ப்பு இருந்ததுதான் அதற்கான மருந்து. நேர்காணல்களுக்கும் நூலுக்கும் இடையே ஏறக்குறைய கால் நூற்றாண்டு கடந்ததை அவருடைய தாமதம் என்று சிலர் குறை சொல்லலாம். நான் அதை நிதானமாகப் பார்க்கிறேன்: பெயர்களும் பூசல்களும் சூடாக இருந்த காலத்தில் வெளிவந்திருந்தால் அந்த நூல் ஆயுதமாகவே பயன்பட்டிருக்கும். அவருடைய நேர்காணல் குறிப்புகளை வைத்து அபினவ் சந்திரசூட் 2018இல் தனி நூல் எழுதியபோது, நம்பிக் கூறியதை எந்த அளவு வெளியிடலாம் என்ற கேள்வி எழாமல் இல்லை. கூறியவர்களில் பெரும்பாலோர் அதற்குள் மறைந்துவிட்டிருந்தார்கள். பதவியின் பொது வரலாற்றுக்கும் தனிமனித வம்புக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைப் பக்கத்துக்குப் பக்கம் வரைந்தாக வேண்டும்.

நீதிமன்றத்தை ஆராய்பவர்களுக்கு அந்த நீதிமன்றத்திலேயே ஓர் இடம் வைத்துத்தான் சாசனம் எழுதப்பட்டது. 124ஆம் பிரிவின்படி, சிறந்த சட்ட அறிஞர் என்று குடியரசுத் தலைவர் கருதும் ஒருவர், வழக்கறிஞராகவோ உயர் நீதிமன்ற நீதிபதியாகவோ இருந்திராவிட்டாலும், உச்ச நீதிமன்ற நீதிபதி ஆகலாம். எழுபத்தைந்து ஆண்டுகளில் அந்த வழியாக ஒருவர்கூட நியமிக்கப்படவில்லை. உயர் நீதிமன்றங்களுக்கும் இதே வாய்ப்பை 42ஆம் திருத்தம் கொண்டுவந்தது, 44ஆம் திருத்தம் அதை எடுத்துவிட்டது. நெருக்கடி நிலையில் வந்தது என்பதற்காகப் போனவற்றில் இதுவும் ஒன்று. இதைப் பெரிய இழப்பு என்றே சொல்வேன்.

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 1862இலிருந்து வரலாறு இருக்கிறது. அதன் நீதிபதிகள் எல்லாரையும் இப்படி வரிசையாக வைத்துப் பார்க்க விரும்பும் மாணவருக்கு வேண்டிய மூலப்பொருள் சிதறிக் கிடக்கிறது: அரசிதழ்களில் நியமன அறிவிப்புகள், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய நீதித்துறைக் கோப்புகள், சட்ட இதழ்களில் வரவேற்பு, பிரிவுபசார உரைகள், வழக்கறிஞர் குடும்பங்களில் கடிதங்கள். 2017 அக்டோபரில் கொலீஜியம் தன் தீர்மானங்களை இணையத்தில் போடத் தொடங்கியது. 2018 முதல் உயர் நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்படுபவர்கள் தங்கள் சமூகப் பின்னணியையும் படிவத்தில் குறிப்பிடுகிறார்கள், அந்தக் கணக்கை மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொல்லிவருகிறது. அதற்கு முந்தைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அப்படி ஒரு படிவம் இல்லை. 1976இன் இடமாற்றங்களைச் சந்தித்த நீதிபதிகள் அநேகமாக எல்லாரும் போய்விட்டார்கள். அன்று இளம் வழக்கறிஞர்களாக அந்த அறைகளில் நின்றவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியிருக்கிறார்கள், அவர்களிடம் இன்னும் கேட்கலாம்.